கையடக்க ஜிபிஎஸ் கருவியின் துல்லியத்தை நீங்களே சோதிப்பது எப்படி?

கையடக்க ஜிபிஎஸ் கருவியின் திரையில் ஒரு மூலையில் "±3 மீ" என்று தெரியும். வரைபட வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பலர் அந்த எண்ணை அப்படியே குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். அது அளந்து பெற்ற எண் அல்ல. வானில் செயற்கைக்கோள்கள் எப்படிப் பரவி நிற்கின்றன, சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதையெல்லாம் வைத்துக் கருவி தானாகப் போடும் மதிப்பீடு. பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னலை நேராக வந்தது என்று கருவி எடுத்துக்கொண்டால், உண்மையான இடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளிப் புள்ளியைக் காட்டிக்கொண்டே "±3" என்றும் சொல்லும்.

அந்த எண்ணின் பொருளும் கருவிக்குக் கருவி மாறும். ஆண்ட்ராய்டு போனில் அதற்கு 68 சதவீதம் என்று வரையறை இருக்கிறது: நீங்கள் நிற்கும் இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு. அப்படியானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியேதான் இருப்பீர்கள். வேறொரு கருவி 50 சதவீத வட்டத்தைக் காட்டலாம், இன்னொன்று 95 சதவீத வட்டத்தை. இரண்டு கருவிகளின் திரை எண்களை ஒப்பிட்டு "இதுதான் நல்லது" என்று முடிவு கட்டுவதில் பொருளே இல்லை.

இடம் ஏற்கெனவே தெரிந்த ஒரு புள்ளியில் கருவியை வைத்து, அது சொல்வதற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால்தான் துல்லியம் தெரியும். வேலை எளிதுதான். ஆனால் சில இடங்களில் சறுக்கினால் முழுச் சோதனையும் வீணாகும்; அந்த இடங்களில் கொஞ்சம் நின்று பேசுவோம்.

எவ்வளவு துல்லியம் போதும்?

சோதனைக்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். அச்சிட்ட வரைபடத்தில் கண்ணுக்குப் பிடிபடும் பிசகு சுமார் அரை மில்லிமீட்டர். 1:25,000 வரைபடத்தில் அது தரையில் 12.5 மீட்டர்; 1:10,000-ல் 5 மீட்டர்; 1:5,000-ல் 2.5 மீட்டர், 1:1,000-ல் அரை மீட்டர். திறந்த வெளியில் கையடக்கக் கருவிகளும் போன்களும் பொதுவாக 3 முதல் 5 மீட்டருக்குள் நிற்கும். ஒற்றையடிப் பாதை, கிணறு, ஓடை ஆகியவற்றை 1:10,000 வரைபடத்தில் குறிக்க அது தாராளம். நிலத்தின் எல்லைக்கல்லை முடிவு செய்ய ஒருபோதும் ஆகாது.

பரப்பளவு எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் கிழக்கு மேற்காக 2 மீட்டர், வடக்கு தெற்காக 2 மீட்டர் என்ற அளவில் தற்செயல் பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்தின் பரப்பில் சுமார் 140 சதுர மீட்டர் பிசகும். 2,500 சதுர மீட்டரில் அது கிட்டத்தட்ட 6 சதவீதம். அதே பிழையோடு 20 மீட்டர் சதுரத்தை அளந்தால் 14 சதவீதம். நிலம் சிறிதாகச் சிறிதாகப் பரப்பளவை நம்ப முடியாமல் போகும்.

ஒப்பிடும் புள்ளி

சோதனையின் உயிர்நாடி இது. ஒப்பிடும் புள்ளியின் இடம், சோதிக்கும் கருவியைவிடக் குறைந்தது மூன்று மடங்கு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். 3 மீட்டர் கருவிக்கு 1 மீட்டர் போதும்; 30 சென்டிமீட்டருக்குள் தெரிந்தால் அதன் பிழையை மறந்தே விடலாம்.

முதலில் தேட வேண்டியது அரசு நில அளவைத் துறைகள் நட்டுப் பராமரிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை. கல்லிலோ கான்கிரீட்டிலோ பதித்த உலோகத் தகடு, நடுவில் ஒரு புள்ளி அல்லது சிலுவைக்குறி இருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. பென்ச்மார்க் எனப்படும் மட்டக்கற்கள் பல, உயரத்துக்காக மட்டுமே அளக்கப்பட்டவை. அவற்றின் உயரம் மில்லிமீட்டர் கணக்கில் சரியாக இருக்கும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் பழைய வரைபடத்திலிருந்து கண்ணால் பார்த்து எழுதியவையாக இருக்கலாம். அந்த எண்களை நம்பினால் நூறு மீட்டருக்கு மேலும் பிசகும், பழி கருவி மேல் விழும். புள்ளியின் விவரத் தாளில், கிடைநிலை ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) எப்படிப் பெறப்பட்டது என்ற வரியைப் படிக்காமல் களத்துக்குப் போகாதீர்கள்.

அடுத்த பொறி டேட்டம். பூமியின் வடிவத்தையும் மையத்தையும் எப்படி வைத்துக்கொண்டு அந்த எண்கள் கணக்கிடப்பட்டன என்பதைச் சொல்வது அது. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது டேட்டத்தில். எவரெஸ்ட் நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கு ஈடாக வைத்துக்கொண்ட ஒரு கணித வடிவத்தை) அடிப்படையாகக் கொண்ட பழைய டேட்டத்தில் வெளியான ஆயத்தொலைவுகளை அப்படியே ஒப்பிட்டால் சில நூறு மீட்டர் வித்தியாசம் வரும். புதிய டேட்டங்களிலும் சிறு வித்தியாசம் உண்டு, ஏனென்றால் கண்டத்தட்டுகள் நகர்கின்றன. ஆஸ்திரேலியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதால், அந்நாட்டின் 1994 டேட்டத்துக்கும் 2020 டேட்டத்துக்கும் இடையே சுமார் 1.8 மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. 3 மீட்டர் கருவியைச் சோதிக்கும்போது 1.8 மீட்டர் சிறிய விஷயம் அல்ல.

கட்டுப்பாட்டுப் புள்ளி அருகில் இல்லையென்றால் நீங்களே ஒன்றை உருவாக்கலாம். இரட்டை அலைவரிசை சர்வே ரிசீவர் ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்குங்கள். திறந்த வெளியில் முக்காலி மேல் வைத்து, மூலத் தரவை ரைனெக்ஸ் என்ற பொது வடிவக் கோப்பாக 3 மணி நேரமாவது பதியுங்கள். கனடா இயற்கை வளத் துறையின் சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி, ஜியோசயின்ஸ் ஆஸ்திரேலியாவின் ஆஸ்போஸ் ஆகிய இரண்டும் இலவச இணையச் சேவைகள். உலகின் எந்த மூலையில் பதிந்த கோப்பையும் ஏற்கும். சில மணி நேரத் தரவுக்குச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் விடை வரும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் கான்கிரீட்டில் ஓர் ஆணி அடித்து வைத்தால், எத்தனை ஆண்டு கழித்தும் அங்கே வந்து சோதிக்கலாம்.

இணைய வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்த்து ஒரு புள்ளியை எடுத்து அதை உண்மை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் படங்களே பல இடங்களில் சில மீட்டர் நகர்ந்துதான் பொருத்தப்பட்டிருக்கும். மலைப்பகுதியில் இன்னும் அதிகம். இன்னொரு கையடக்கக் கருவியின் அளவீடும் ஒப்பீட்டுக்கு உதவாது. இரண்டும் ஒரே வானத்தைப் பார்ப்பதால் அயனிமண்டலப் பிழையில் (மேல் வளிமண்டலத்தின் மின்னூட்ட அடுக்கு சிக்னலைத் தாமதிப்பதால் வருவது) இரண்டும் சேர்ந்தே ஒரே பக்கம் நகரும். ஒத்துப்போவதைப் பார்த்து இரண்டுமே சரி என்று தோன்றிவிடும்.

கருவியை அமைப்பது

டேட்டம் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா பாருங்கள். ஆயத்தொலைவை தசம பாகையில் வையுங்கள். தசமத்துக்குப் பின் 5 இலக்கம் இருந்தால் ஒரு படி என்பது 1.1 மீட்டர். பாகை, நிமிடம், தசம நிமிடம் என்று 3 இலக்கத்தோடு காட்டும் அமைப்பில் ஒரு படி 1.85 மீட்டர். முழு விநாடி வரை மட்டும் காட்டினால் ஒரு படியே 31 மீட்டர். அதில் துல்லியச் சோதனையே செய்ய முடியாது. எழுதி எடுக்கும்போது நடக்கும் குழப்பமும் இதிலிருந்துதான் வருகிறது. 10°30.500′ என்பதை 10°30′50″ என்று ஒருவர் படித்துவிட்டால் 600 மீட்டருக்கு மேல் பிசகும். கையால் எழுதுவதைக் குறைத்து, ஜிபிஎக்ஸ் கோப்பாக (ஜிபிஎஸ் தரவுக்கான பொதுக் கோப்பு வடிவம்) நேரே கணினிக்கு எடுத்துவிடுங்கள். திரையில் தெரியாத கூடுதல் இலக்கங்களும் கோப்பில் கிடைக்கும்.

"சாலையோடு ஒட்டு" என்ற பொருளில் ஏதாவது வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பேட்டரி சேமிப்பு முறையையும் அணையுங்கள். இடத்தை எத்தனை தடவை கணக்கிடுவது என்பதை அது குறைத்துவிடும். டிராக் (போன வழியைத் தொடர்ந்து பதியும் புள்ளி வரிசை) பதிவு "தானியங்கி" என்று இருந்தால் "1 விநாடிக்கு ஒன்று" என்று மாற்றுங்கள். வாஸ், ஈக்னாஸ், ககன் போன்ற, செயற்கைக்கோள் வழியே வரும் திருத்தச் சேவை உங்கள் பகுதியில் கிடைக்குமானால் அதை இயக்குங்கள். வேலை நேரத்தில் எந்த அமைப்பில் பயன்படுத்துவீர்களோ அதே அமைப்பில்தான் சோதிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

போனைச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணச் செயலிகள் வைஃபை, செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் கலந்து ஓர் இடத்தைச் சொல்லும். செயற்கைக்கோள் இடத்தை மட்டும் பதியும் செயலி வேண்டும். ஆண்ட்ராய்டில் இருக்கும் ஜிபிஎஸ்டெஸ்ட் செயலியில், தெரிந்த புள்ளியின் ஆயத்தொலைவைக் கொடுத்தால் பிழையைக் கணக்கிட்டுக் காட்டும் வசதியே இருக்கிறது.

களத்தில் செய்ய வேண்டியது

முதல் சோதனைக்குத் திறந்த வானம் வேண்டும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. தொடுவானிலிருந்து ஒன்றரை முஷ்டி உயரத்துக்கு மேல் எதுவும் மறைக்கக் கூடாது. 10 மீட்டர் உயரக் கட்டடம் என்றால் 35 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்.

1. புள்ளிக்கு நேர் மேலே சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியை நிறுத்துங்கள். கேமரா முக்காலியோ நேரான மரக்கம்போ போதும். தூக்குக்குண்டு தொங்கவிட்டு மையம் பாருங்கள். 5 சென்டிமீட்டர் விலகினால் பரவாயில்லை.

2. ஆன்டெனாவின் வகைக்கு ஏற்ற நிலையில் வையுங்கள். தட்டையான பேட்ச் ஆன்டெனா உள்ள கருவி வானம் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். மேலே குட்டையான கட்டைவிரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் சுருள் ஆன்டெனா உள்ளது செங்குத்தாக நிற்க வேண்டும். மாற்றி வைத்தால் சிக்னல் பலவீனமாகும்.

3. கருவியை இயக்கிக் காத்திருங்கள். பல நாள் அணைத்து வைத்திருந்தாலோ வெகுதூரம் கொண்டுவந்திருந்தாலோ 15 நிமிடம் விடுங்கள். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணை இறங்க மட்டும் 12.5 நிமிடம் ஆகும். தினமும் பயன்படுத்தும் கருவிக்கு 5 நிமிடம் போதும்.

4. நீங்கள் இரண்டு மூன்று மீட்டர் விலகி நில்லுங்கள். மனித உடலில் பெரும்பகுதி நீர். இந்தச் சிக்னலை அது நன்றாகவே மறைக்கும்.

5. 10 நிமிடம் டிராக் பதியுங்கள். முடிவில் ஒரு வேபாயிண்டும் (சேமித்து வைக்கும் ஒற்றை இடப்புள்ளி) சேமியுங்கள். தேதி, நேரம், செயற்கைக்கோள் எண்ணிக்கை, எச்டிஓபி, திரையில் காட்டிய துல்லிய எண் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எச்டிஓபி என்பது செயற்கைக்கோள்களின் பரவல் கிடைநிலைப் பிழையை எத்தனை மடங்கு பெருக்கும் என்று சொல்லும் எண். திறந்த வெளியில் பெரும்பாலும் 1-ஐ ஒட்டி இருக்கும். 2-க்கு மேல் போனால் ஏதோ மறைக்கிறது என்று அர்த்தம்.

6. கருவியை அணைத்து எடுத்துச் செல்லுங்கள். குறைந்தது 90 நிமிடம் கழித்து வந்து முதலிலிருந்து செய்யுங்கள்.

இரண்டு கருவிகளை ஒப்பிட வேண்டுமா? ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில், 30 சென்டிமீட்டர் இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றை அடுக்காதீர்கள்.

ஏன் ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது?

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு மணி நேரம் விநாடிக்கு ஒன்றாகப் பதிந்தால் 3,600 அளவீடு கிடைக்கும். இவ்வளவு இருந்தால் சராசரி அசைக்க முடியாததாக இருக்கும் என்று தோன்றும். அந்த 3,600 புள்ளிகளையும் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். தூவிய கடுகுபோல வட்டமாகச் சிதறியிருக்காது. அவிழ்ந்த நூல்கண்டுபோல ஒரே இழை மெல்ல ஊர்ந்து போயிருக்கும்: சில நிமிடம் வடக்கே, பிறகு ஒரு வளைவு, சிறிது நேரம் ஒரே இடத்தில் சுருண்டு கிடந்துவிட்டு மேற்கே ஒரு நீட்டல். ஒரு விநாடியின் பிழையும் அடுத்த விநாடியின் பிழையும் ஏறக்குறைய ஒன்றே. அயனிமண்டலமும் செயற்கைக்கோள் அமைப்பும் நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில்தான் மாறுகின்றன. ஆகவே அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குத் தருவது ஒன்றிரண்டு சுயேச்சையான அளவீடுகளைத்தான். கார்மின் கருவிகளின் கையேடு, வேபாயிண்ட் சராசரிக்கு 4 முதல் 8 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் இடையே 90 நிமிடமாவது இடைவெளி என்று சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

தினமும் காலை 9 மணிக்கு வந்து அளப்பதும் சரியல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 11 மணி 58 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. இரண்டு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். அதாவது நேற்று 9 மணிக்கு வானில் இருந்த அதே அமைப்பு இன்று 8:56-க்குத் திரும்ப வந்துவிடும். சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டு எதிரொலிக்கும் சிக்னலும் அதே கோணத்தில் திரும்ப வரும், பிழையும் திரும்ப வரும். கருவி நாள் தவறாமல் ஒரே விடை சொல்வதைப் பார்த்து நம்பிக்கை பிறக்கும். அந்த விடை நாள் தவறாமல் தவறாகவும் இருக்கலாம். ஐரோப்பாவின் கலிலியோ, ரஷ்யாவின் குளோநாஸ் செயற்கைக்கோள் அமைப்புகள் முறையே 10, 8 நாட்களுக்கு ஒரு முறைதான் இப்படித் திரும்புகின்றன என்பதால், பல அமைப்புகளையும் ஏற்கும் கருவியில் இது கொஞ்சம் தணியும்.

அயனிமண்டலம் தடித்திருப்பது உள்ளூர் நேரம் பிற்பகல் 2 மணியை ஒட்டி. ஒற்றை அலைவரிசைக் கருவி, ஜிபிஎஸ் ஒலிபரப்பும் ஒரு பொது மாதிரியை வைத்துத்தான் அதைத் திருத்துகிறது; அந்த மாதிரி பிழையில் ஏறக்குறைய பாதியைத்தான் நீக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் சிக்னல் படபடக்கவும் செய்யும். அதனால் காலை, உச்சி, பிற்பகல், மாலை என்று நாளின் எல்லாப் பகுதியும் உங்கள் பட்டியலில் வர வேண்டும். மூன்று நான்கு நாட்களில் 8 முறை என்பது தொடக்கத்துக்குப் போதும். அறிக்கையில் எழுத வேண்டுமானால் 20-க்குக் குறையக் கூடாது.

இன்னொரு கண்கட்டு: கருவி நகரவில்லை என்று தெரிந்ததும் சில ரிசீவர்கள் இடத்தை அப்படியே உறையவைத்துவிடும். பல நிமிடம் ஆயத்தொலைவு ஓர் இலக்கம்கூட மாறாமல், வேகம் 0 என்று நின்றால் அதுதான் நடக்கிறது. சிதறல் அற்புதமாகக் குறைந்ததாகத் தோன்றும். ஒவ்வொரு முறையும் 50 மீட்டர் நடந்துபோய்த் திரும்பி வந்து வைத்தால் உறைந்த இடம் கலையும்.

கணக்கு

ஒவ்வொரு வருகைக்கும் 10 நிமிடத்தின் சராசரியை ஓர் அளவீடாக எடுங்கள். வேலையில் ஒரே அழுத்தலில் வேபாயிண்ட் எடுப்பவர் என்றால், சராசரிக்குப் பதில் வேபாயிண்டையே எடுங்கள். சோதனை வேலையைப்போலவே இருக்க வேண்டும்.

பாகை வித்தியாசத்தை மீட்டராக மாற்றும்போது வடக்கும் கிழக்கும் ஒன்றல்ல. அட்சரேகையின் 0.00001 பாகை எங்கும் சுமார் 1.11 மீட்டர். தீர்க்கரேகையின் 0.00001 பாகை நிலநடுக்கோட்டில் அதே அளவு. மற்ற இடங்களில் அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். 10 பாகையில் 1.10 மீட்டர், 60 பாகையில் பாதிதான். க்யூஜிஐஎஸ்-ல் எல்லாப் புள்ளிகளையும் யுடிஎம் என்ற மீட்டர் கட்ட அமைப்புக்கு மாற்றிவிட்டால் மீட்டரிலேயே கிடைத்துவிடும்.

8 வருகைகளின் பிழை இப்படி இருப்பதாகக் கொள்வோம். முதல் எண் கிழக்கு, இரண்டாவது வடக்கு, மீட்டரில்: (1.2, 2.9), (0.4, 3.6), (2.0, 1.1), (−0.8, 2.4), (1.6, 4.0), (0.2, 1.8), (2.4, 3.0), (1.0, 1.2).

கிழக்குப் பிழைகளின் சராசரி 1.0, வடக்குப் பிழைகளின் சராசரி 2.5. இரண்டையும் சேர்த்தால் நடுப்புள்ளி உண்மையிலிருந்து 2.7 மீட்டர் விலகியிருக்கிறது. இது ஒருபக்கப் பிழை. எல்லாப் பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 73.62, 8-ஆல் வகுத்தால் 9.2, வர்க்கமூலம் 3.0 மீட்டர். இதுதான் ஆர்எம்எஸ் பிழை. 9.2-லிருந்து ஒருபக்கப் பிழையின் வர்க்கமான 7.25-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 1.4 மீட்டர். இது சிதறல், அதாவது கருவி தன் சொல்லிலிருந்து தானே எவ்வளவு மாறுகிறது என்பது. 8 தூரங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் நடு மதிப்பு 2.8, மோசமானது 4.3.

இந்த மூன்று எண்களையும் பிரித்துப் பார்ப்பதில்தான் சோதனையின் பலன் முழுவதும் இருக்கிறது. ஆர்எம்எஸ் 3.0 என்று மட்டும் எழுதியிருந்தால் "பரவாயில்லை, 3 மீட்டர் கருவி" என்று முடித்திருப்போம். பிரித்ததும் வேறு கதை தெரிகிறது: கருவி 1.4 மீட்டருக்குள் நிலையாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டில் எட்டு முறையும் வடக்கே காட்டுகிறது. சிதறலைப்போல இரு மடங்கு ஒருபக்கப் பிழை இருந்தால் கருவியைச் சந்தேகிக்கும் முன் ஒப்பிட்ட புள்ளியைச் சந்தேகியுங்கள். டேட்டம் மாறியிருக்கிறதா, தட்டு நகர்வுக்கான ஆண்டு ஒத்துப்போகிறதா, ஆயத்தொலைவைத் தட்டச்சு செய்ததில் ஓர் இலக்கம் தவறியதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் இரண்டாவது ஒரு தெரிந்த புள்ளிக்குப் போய்ச் சோதியுங்கள். அங்கேயும் அதே பக்கம் அதே அளவு விலகினால் டேட்டம் அல்லது கருவியின் அமைப்பு. விலகவில்லையென்றால் முதல் புள்ளியிலோ அதன் சுற்றுப்புறத்திலோதான் கோளாறு.

பரப்பளவு எடுப்பவருக்கு ஒருபக்கப் பிழை பெரிய கவலை இல்லை, நிலம் முழுவதும் ஒரே பக்கம் நகர்வதால் பரப்பு மாறாது. ஏற்கெனவே உள்ள வரைபடத்தின் மேல் புள்ளி வைப்பவருக்கு அதுவே முக்கியக் கவலை.

95 சதவீத எண் கேட்பவர்களுக்கு: அமெரிக்கக் கூட்டாட்சி புவிசார் தரவுக் குழு 1998-ல் வெளியிட்ட என்எஸ்எஸ்டிஏ நெறிப்படி, கிடைநிலை ஆர்எம்எஸ் பிழையை 1.7308-ஆல் பெருக்க வேண்டும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் 5.2 மீட்டர். ஆனால் ஒருபக்கப் பிழை நீங்கியிருந்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும் என்பதால், இந்த 5.2 கணக்கு முறையைக் காட்ட மட்டும். அந்த நெறி கேட்பது குறைந்தது 20 சோதனைப் புள்ளிகள்.

மரத்தடியும் சுவரோரமும்

திறந்த வெளி எண் உங்கள் கருவியின் சிறந்த முகம். வேலை நடப்பது தோப்பிலும் தெருவிலும் என்றால் அங்கேயும் சோதிக்க வேண்டும். அங்கே ஒப்பிடும் புள்ளியை எப்படிப் பெறுவது? திறந்த இடத்தில் சர்வே ரிசீவரால் இரண்டு புள்ளிகளை 20, 25 மீட்டர் இடைவெளியில் அளந்துகொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் மரத்தடிப் புள்ளிக்கு டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து தூரம் எடுங்கள். இரண்டு வட்டங்கள் வெட்டும் இடம்தான் உங்கள் புள்ளி. கோட்டின் எந்தப் பக்கம் என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். முக்கோணம் மிகவும் ஒடுங்கிவிடக் கூடாது, மரத்தடிப் புள்ளியில் கோணம் 40-க்குக் கீழே போனால் சிறு டேப் பிழையும் பெரிதாகும். டெசிமீட்டர் துல்லியம் எளிதாகக் கிடைக்கும்.

சுவரோரத்தில் பிழை வருவது இப்படி. சுவர் பாதி வானத்தை மறைக்கும். எதிர்ச் சுவரில் பட்ட சிக்னல் நீண்ட வழியில் வந்து சேரும். இதில் இரட்டை அலைவரிசைக் கருவிகளின் பலன் கண்கூடு. பழைய எல்1 அலைவரிசைச் சிக்னலின் குறியீட்டில் ஒரு துண்டின் நீளம் சுமார் 293 மீட்டர்; 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5-ல் 29 மீட்டர். துண்டு குறுகியதால் நேர் சிக்னலையும் எதிரொலியையும் ரிசீவரால் பிரித்தறிய முடிகிறது. தெருக்களில் வேலை என்றால் எல்5 உள்ள கருவிக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீண் அல்ல.

நடந்து சோதிப்பது

பாதை வரைபவர்களுக்கு நின்ற இடச் சோதனை மட்டும் போதாது. நேராக 100 மீட்டர் ஓடும் ஒரு கோட்டை, மைதானத்தின் எல்லைக் கோடு போன்றதைத் தேர்ந்தெடுத்து, கருவியை வேலையில் பிடிப்பதுபோலவே பிடித்துக்கொண்டு போய் வந்து 5 முறை நடங்கள். டிராக்குகள் கோட்டிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு விலகுகின்றன என்று அளங்கள். திரும்பும் முனைகளையும் பாருங்கள். கருவி இடத்தை மென்மையாக்கிக் காட்டும்போது ஒரு விநாடி பின்தங்கினால், நடையில் அது 1.4 மீட்டர், மணிக்கு 54 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 15 மீட்டர். கூர்மையான திருப்பங்களைக் கருவி வளைவாக வெட்டிவிடுவதும் இங்கே தெரியும். மொத்த நீளத்தையும் டேப் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு விநாடிப் பதிவில் சிறுசிறு நடுக்கங்கள் சேர்ந்து தூரம் கூடுதலாகக் காட்டுவது வழக்கம்.

உயரம்

செங்குத்துப் பிழை கிடைநிலைப் பிழையைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அதைவிட முக்கியம், எந்த உயரம் என்பது. செயற்கைக்கோள் நேரடியாகத் தருவது, டேட்டம் பூமிக்கு ஈடாக வைத்துக்கொள்ளும் நீள்கோளத்துக்கு மேல் உள்ள உயரம். வரைபடம் கேட்பது கடல்மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் இடையே, இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே, 100 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. கருவி திருத்திக் காட்டுகிறதா என்று கையேட்டில் பாருங்கள். காற்றழுத்தமானி உள்ள கருவி என்றால் திரையில் தெரிவது பெரும்பாலும் அதன் உயரம். கடல்மட்ட அளவில் 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் மாறினால் சுமார் 8 மீட்டர் நகரும். ஒரு மழை மேகம் கடந்தாலே போதும்.

எழுதி வைக்க வேண்டியவை

கருவியின் மாதிரி, மென்பொருள் பதிப்பு, டேட்டம், திருத்தச் சேவை இயங்கியதா, ஒப்பிட்ட புள்ளியின் மூலம், வருகைகளின் தேதியும் நேரமும், ஒருபக்கப் பிழை, சிதறல், ஆர்எம்எஸ், மோசமான ஒற்றைப் பிழை. திறந்த வெளி, மரத்தடி, சுவரோரம் மூன்றுக்கும் தனித்தனியாக. மூல ஜிபிஎக்ஸ் கோப்புகளை அழிக்காதீர்கள். பின்னால் ஒப்பிட்ட புள்ளியின் எண் திருத்தப்பட்டால் கணக்கை மட்டும் மறுபடி போட்டால் போதும். மென்பொருளைப் புதுப்பித்த பிறகும், கருவி கீழே விழுந்த பிறகும், பெரிய வேலை ஒன்றைத் தொடங்குவதற்கு முன்பும் ஆணி அடித்த அதே புள்ளிக்குப் போய் நான்கு வருகையாவது அளந்து, பழைய எண்களோடு வைத்துப் பாருங்கள்.